கோப்பை கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை: அய்ஸால் அணியின் கதை

புது தில்லி:

தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா மக்களவையில் நிறைவேறிய நாள் 2025 ஆகஸ்ட் 11. பிகார் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை எதிர்த்துத் தேர்தல் ஆணையத்தை நோக்கிப் பேரணியாகச் சென்ற எதிர்க்கட்சி எம்.பி.க்கள் போலீஸாரால் தடுத்து நிறுத்தப்பட்டதும் அதே நாளில்தான். மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. சுதந்திரத்துக்குப் பின் விளையாட்டுத் துறையில் கொண்டு வரப்படும் மிகப் பெரிய சீர்திருத்தம் இது என்று மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா கூறினார். சம்மேளனங்களுக்கு முறையான தேர்தல், அவற்றைக் கண்காணிக்கத் தேசிய விளையாட்டு வாரியம், வழக்குகளைத் தீர்க்கத் தீர்ப்பாயம் என்று பல நல்ல அம்சங்கள் அதில் உண்டு. அவற்றை மறுப்பதற்கில்லை.

ஆனால், ஓர் அணி மைதானத்தில் வென்றால் அடுத்த படிக்கு ஏறும் உரிமை அதற்கு உண்டா என்ற கேள்விக்கு அந்த மசோதாவில் பதில் இல்லை. சம்மேளனத்தின் நாற்காலிகளில் யார் அமர்வது என்பதைச் சட்டம் சொல்கிறது. யார் விளையாடுவது என்பதைச் சம்மேளனத்துக்கே விட்டுவிட்டது.

இந்தக் கேள்வியை நாட்டின் முன் வைத்தவர்கள் அரசியல்வாதிகளோ நீதிபதிகளோ அல்ல. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினரையும், மாநிலங்களவையில் ஒரே ஓர் உறுப்பினரையும் கொண்ட மிஸோரம் மாநிலத்தின் தலைநகரைச் சேர்ந்த ஒரு கால்பந்து அணி வைத்தது. ஆண்டு 2017.

குண்டு விழுந்த நகரம்

மிஸோரமின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 10.97 லட்சம். தமிழகத்தின் நடுத்தர மாவட்டம் ஒன்றைவிடக் குறைவு. தலைநகர் அய்ஸால் மலை முகடுகளின் மேல் அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட நகரம். சமதளம் என்பதே அங்கு அபூர்வம். கால்பந்து மைதானத்துக்கு இடம் வேண்டுமானால் மலையைக் குடைந்துதான் எடுக்க வேண்டும்.

1966 மார்ச்சில், மிஸோ தேசிய முன்னணியின் கிளர்ச்சியை ஒடுக்க இந்திய விமானப் படை குண்டு வீசியது இந்த நகரத்தின் மீதுதான். சொந்த நாட்டு மக்கள் வாழும் நகரின் மீது விமானப் படை பயன்படுத்தப்பட்ட அந்த நிகழ்வு குறித்து 2023 ஆகஸ்டில் மக்களவையில் நம்பிக்கையில்லாத் தீர்மான விவாதத்தின்போதும் பேசப்பட்டது. இருபது ஆண்டுக்காலம் நீடித்த அந்தப் போராட்டம், ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது 1986 ஜூன் 30-இல் கையெழுத்தான மிஸோ ஒப்பந்தத்துடன் முடிவுக்கு வந்தது. 1987 பிப்ரவரியில் மிஸோரம் தனி மாநிலமாயிற்று. அதன் நில உரிமைக்கும் வழக்காற்றுச் சட்டங்களுக்கும் அரசியல் சட்டத்தின் 371-ஜி பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. பிற மாநிலத்தவர் அங்கு செல்ல இன்றும் உள்நுழைவு அனுமதிச் சீட்டு தேவை. அய்ஸால் அணி பின்னாளில் தன் பெரிய வெற்றிகளைக் கண்ட மைதானத்தின் பெயர் ராஜீவ் காந்தி மைதானம் என்பது குறிப்பிடத்தக்கது.

அய்ஸால் கால்பந்துக் கழகம் தொடங்கப்பட்டது 1984-இல். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு. நீண்ட காலம் அது உள்ளூர் அணியாகவே இருந்தது. அந்நாட்களில் திறமையுள்ள மிஸோ இளைஞனுக்கு இருந்த வழி, கொல்கத்தாவுக்கு ரயிலேறுவதுதான். அந்த ரயிலைப் பிடிக்கவும் அஸ்ஸாமுக்கு இறங்கி வர வேண்டும். ஷைலோ மால்சாம்ட்லுவாங்கா கிழக்கு வங்காள அணியில் இடம் பிடித்தபோது அவர் பின்னால் ஒரு தலைமுறையே புறப்பட்டது.

2012-இல் மிஸோரம் பிரீமியர் லீக் தொடங்கியதும் நிலைமை மாறத் தொடங்கியது. மாநிலக் கால்பந்துச் சங்கம் நடத்திய அந்தப் போட்டிக்கு உள்ளூர் கேபிள் நிறுவனமான ஸோநெட் ஆதரவளித்தது. ஆட்டங்கள் வீட்டுக்கு வீடு ஒளிபரப்பாயின. தேசிய அளவில் கால்பந்துக்கு விளம்பரதாரர் கிடைக்கவில்லை என்று சம்மேளனம் அங்கலாய்த்துக் கொண்டிருந்த காலத்தில், ஒரு மலை மாநிலத்தின் கேபிள் தொலைக்காட்சி அதைச் செய்து காட்டியது. இரண்டே ஆண்டுகளில், 2014 மார்ச்சில் சிலிகுரியில் நடைபெற்ற சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் ரயில்வே அணியை 3-0 என்று வீழ்த்தி மிஸோரம் முதன்முறையாகத் தேசியச் சாம்பியன் ஆனது.

கடைசி அணி தப்பியது. அதற்கு முந்தைய அணி வெளியேறியது

இரண்டாம் டிவிஷனை வென்று, 2015-16 பருவத்தில் அய்ஸால் அணி நாட்டின் முதன்மைப் போட்டியான ஐ-லீக்கில் காலடி வைத்தது. ஒன்பது அணிகளில் எட்டாவது இடம். கடைசி இடம் புணேயைச் சேர்ந்த டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் அணிக்கு. ஆனால் கீழே இறக்கப்பட்டது கடைசி அணி அல்ல. எட்டாவதாக வந்த அய்ஸால். காரணம், சிவாஜியன்ஸ் பெருநிறுவன ஒதுக்கீட்டில் நேரடியாக நுழைந்த அணி. பணம் கட்டி இடம் பெற்றதால், தொடக்க ஆண்டுகளில் அதைக் கீழே இறக்க முடியாது என்பது விதி.

அந்த விதி எழுத்தில் இருந்தது உண்மை. அய்ஸால் அதை ஏற்றுத்தான் களமிறங்கியது என்று சம்மேளனம் வாதிட இடமும் உண்டு. ஆனால் தோற்றவன் தப்பவும், அவனைவிட ஒருபடி மேலே நின்றவன் வெளியேறவும் வழி செய்யும் ஒரு விதியை விளையாட்டு விதி என்று எப்படி அழைப்பது?

அதே மாதங்களில் வேறொன்றும் நடந்தது. மே 21-இல் குவாஹாட்டியில் நடைபெற்ற ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம் வரை அய்ஸால் முன்னேறியது. மோகன் பகானிடம் 0-5 என்று தோற்றது என்றாலும், கீழே தள்ளப்பட்ட அணி நாட்டின் இரண்டாவது பெரிய கோப்பையின் இறுதி ஆட்டத்தில் நின்றது.

பின்னர் கதவு திறந்தது. திறந்த விதம்தான் விசித்திரம். 2014-இல் எட்டு அணிகளுடன் தொடங்கிய தனியார் போட்டியான ஐ.எஸ்.எல். தொடரை நாட்டின் முதன்மை லீக்காக்கி, ஐ-லீக்கை இரண்டாம் நிலைக்குத் தள்ளும் திட்டம் ஒன்றை அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2016-இல் முன்வைத்தது. அதை எதிர்த்து கோவாவின் சல்கோகர், ஸ்போர்ட்டிங் கிளப் ஆகிய அணிகள் போட்டியிலிருந்து விலகின. பின்னர் டெம்போவும் விலகியது. பல முறை தேசியச் சாம்பியன் பட்டம் வென்ற டெம்போ போன்ற அணி வெளியேறியது இந்தியக் கால்பந்துக்கு நேர்ந்த பேரிழப்பு. காலியான இடத்துக்கு அய்ஸால் மீண்டும் அழைக்கப்பட்டது. அதாவது, எந்தத் திட்டத்தை எதிர்த்து கோவா அணிகள் வெளியேறினவோ, அதே திட்டம் அய்ஸாலை உள்ளே கொண்டுவந்தது. ஓராண்டு கழித்து அய்ஸாலின் முன் தடையாக நின்றதும் அதே திட்டம்தான்.

வேலை இழந்த பயிற்சியாளர்

அந்த அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர் காலித் ஜமீல். குவைத்தில் பிறந்தவர், இந்திய அணியின் முன்னாள் வீரர். மும்பை எஃப்.சி. அணியை ஏழு ஆண்டுகள் வழிநடத்திய அவரை 2016-இல் அந்த நிர்வாகம் விடுவித்திருந்தது. அவருடன் மும்பையிலிருந்து அசுதோஷ் மேத்தா, ஜெயேஷ் ராணே ஆகியோரும் வந்தார்கள். சிரியாவைச் சேர்ந்த மஹ்மூத் அல் அம்னா நடுக்களத்தின் மூளையாக இருந்தார். லைபீரியாவின் ஆல்ஃப்ரட் ஜரியான், ஐவரி கோஸ்டின் காமோ பாயி ஆகியோர் துணை நின்றார்கள். கோல் காப்பாளர் கோவாவைச் சேர்ந்த அல்பினோ கோமஸ். மற்றவர்கள் பெரும்பாலும் மிஸோ இளைஞர்கள். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த சிரியாவிலிருந்து வந்தவர், பிற அணிகள் வேண்டாம் என்று விட்டவர்கள், முன்னர் கிளர்ச்சி நடந்த மலையின் பிள்ளைகள்: இதைத்தான் தேசிய ஒருமைப்பாடு என்று மேடைகளில் நாம் விவரிக்கிறோம் போலும்.

அணியின் ஆண்டுச் செலவு சுமார் 2 கோடி ரூபாய் என்று அப்போது சொல்லப்பட்டது. பெங்களூரு, கொல்கத்தா அணிகள் செலவிட்டதன் சிறு பங்குதான் இது. முந்தைய ஆண்டு இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி அணி வென்றதுடன் ஆங்கில ஏடுகள் இதை ஒப்பிட்டன. அந்த ஒப்பீடு அய்ஸாலுக்குப் பெருமை சேர்த்ததா, லெஸ்டருக்கா என்பது வேறு விஷயம். லெஸ்டர் அணியின் உரிமையாளர் கோடீஸ்வரர்.

2017 ஜனவரி 7-ஆம் தேதி கொல்கத்தா அருகே பராசத்தில் கிழக்கு வங்காள அணியுடன் 1-1 என்று சமன் செய்து பருவத்தைத் தொடங்கியது அய்ஸால். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் புள்ளிப் பட்டியலின் மேல்பகுதியிலேயே அது நின்றபோதும், கொல்கத்தா ஏடுகள் மோகன் பகானைப் பற்றித்தான் எழுதின. ஏப்ரல் நடுவில் மோகன் பகானும் அய்ஸாலும் தலா 33 புள்ளிகளுடன் சமமாக நின்றன. இரு அணிகளுக்கும் மிச்சம் இரண்டே ஆட்டங்கள். அதில் ஒன்று இவ்விரு அணிகளுக்கும் இடையே, அய்ஸாலில்.

ஏப்ரல் 22. ராஜீவ் காந்தி மைதானம் நிரம்பி வழிந்தது. கோல் ஏதும் இல்லாமலே ஆட்டம் கடைசிப் பத்து நிமிடத்துக்குள் நுழையவிருந்தது. 83-வது நிமிடத்தில் பின்கள வீரர் ஸோமிங்லியானா ரால்ட்டே தலையால் முட்டிய பந்து வலைக்குள் சென்றது. 1-0. நூற்றாண்டு கண்ட மோகன் பகான், 1911-இல் வெள்ளைக்கார ராணுவ அணியை வென்று நாட்டுக்கே தன்மானம் ஊட்டிய மோகன் பகான், மலை நகரில் வீழ்ந்தது.

இனி ஷில்லாங்கில் ஒரு சமன் போதும். ஏப்ரல் 30-ஆம் தேதி இரண்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடந்தன. கொல்கத்தாவில் மோகன் பகானை எதிர்த்து விளையாடியது, அந்த ஆண்டுதான் ஐ-லீக்கில் நேரடியாகச் சேர்க்கப்பட்டிருந்த நமது சென்னை சிட்டி அணி. ஷில்லாங்கில் அய்ஸாலை எதிர்த்து மற்றொரு வடகிழக்கு அணியான லஜோங். சாலை வழியாக மலைகளைக் கடந்து வந்திருந்த மிஸோ ரசிகர்கள் மைதானத்தில் திரண்டிருந்தார்கள். ஒன்பதாவது நிமிடத்திலேயே லஜோங்கின் திபாந்தா கோல் அடித்தார். கொல்கத்தாவில் மோகன் பகான் வென்றால், அய்ஸாலின் கனவு முடிந்தது. முதல் பாதி முழுவதும் அந்த ஒரு கோல் பாக்கியாகவே நின்றது. 67-வது நிமிடத்தில் வில்லியம் லால்நுன்ஃபெலா சமன் செய்தார்.

மோகன் பகான் 2-1 என்று சென்னை சிட்டியை வென்றது. அது போதவில்லை. அய்ஸால் 37, மோகன் பகான் 36. பதினெட்டு ஆட்டங்கள், 11 வெற்றி, 4 சமன், 3 தோல்வி. வடகிழக்கிலிருந்து தேசிய லீக்கை வென்ற முதல் அணி அய்ஸால்.

அந்த நாளில் நாடாளுமன்றம் கூடியிருக்கவில்லை; பட்ஜெட் கூட்டத்தொடர் ஏப்ரல் 12-ஆம் தேதியே முடிந்துவிட்டது. கூடியிருந்தாலும், மிஸோரமின் ஒரே மக்களவை உறுப்பினரான சி.எல். ருவாலாவுக்குப் பூஜ்ய நேரத்தில் இரண்டு நிமிடம் கிடைத்திருக்கலாம். ஒற்றை உறுப்பினர் மாநிலங்களின் குரல் அவையில் எத்தனை டெசிபல் ஒலிக்கும் என்பதைச் செய்தியாளர் மாடத்திலிருந்து பல ஆண்டுகள் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எண்ணிக்கையால் ஒதுங்கிப் போன ஒரு மாநிலம், எண்ணிக்கை பொருட்டாகாத ஓரிடத்தில், பதினொருவருக்குப் பதினொருவர் நிற்கும் களத்தில், நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது. அணி ஊர் திரும்பியபோது மக்கள் சாலையோரம் திரண்டதற்கு அதுவே பொருள்.

வென்றவர்கள் கேட்ட கேள்வி

கொண்டாட்டம் அடங்குவதற்குள் கணக்கு தொடங்கியது. அடுத்த பருவத்தில் எந்த லீக் முதன்மை லீக்? ஐ.எஸ்.எல். என்றால், அதில் சேர ஏலத்தில் பங்கேற்க வேண்டும். ஆண்டுக் கட்டணம் 15 கோடி ரூபாய். சுமார் 2 கோடியில் கோப்பை வென்ற அணி, 15 கோடி கட்டினால்தான் மேல் தளத்தில் நிற்கலாம். இல்லையேல், நாட்டின் சாம்பியன் அணி இரண்டாம் தர லீக்கில் விளையாட வேண்டும். தோற்றதற்காக அல்ல, வென்ற பிறகு கீழிறக்கப்படும் முதல் சாம்பியனாக அய்ஸால் ஆகியிருக்கும்.

சம்மேளனத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2010-இல் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் கூட்டுடன் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. வணிக உரிமைகள் அனைத்தும் அதில் அடக்கம். ஐ-லீக் ஆட்டங்கள் பல நகரங்களில் காலி இருக்கைகளுக்கு முன் நடந்தன. ஐ.எஸ்.எல். வந்தபின்தான் மைதானங்களுக்குக் கூட்டமும், தொலைக்காட்சிக்கு விளம்பரமும், இந்திய வீரர்களுக்கு முன்னெப்போதும் இல்லாத ஊதியமும் வந்தன. மிஸோ இளைஞர்களும் அதனால் பயனடைந்தார்கள். நாத்யால் பகுதியைச் சேர்ந்த ஜெஜே லால்பெக்லுவா சென்னையின் எஃப்.சி. அணிக்காக 2015, 2018 ஆகிய ஆண்டுகளில் ஐ.எஸ்.எல். பட்டம் வென்றவர் என்பதைத் தமிழக ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் பணம் வந்தது என்பதற்காக ஏணியை எடுத்துவிடலாமா என்பதே அய்ஸாலின் கேள்வி. அணியின் உரிமையாளர் ராபர்ட் ரோமாவியா ராய்ட்டே, நீதிமன்றம் செல்வோம், தில்லி துவாரகாவில் உள்ள சம்மேளனத் தலைமையகத்தின் முன் உண்ணாவிரதம் இருப்போம் என்று எச்சரித்தார். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் முறையீடு சென்றது. சம்மேளனத்தின் தலைவராக அப்போது இருந்தவர் தேசியவாத காங்கிரஸின் மாநிலங்களவை உறுப்பினர் பிரஃபுல் படேல். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்ரலில், அவர் கோலாலம்பூரில் ஃபிஃபா கவுன்சில் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்கு முன் 1988 முதல் 2008 வரை தலைவராக இருந்தவர் பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி. நாடாளுமன்ற விவகாரத் துறை அமைச்சராகவும் இருந்தவர். ஆக, 1988-லிருந்து 2022 வரை இந்தியக் கால்பந்து இரண்டே அரசியல்வாதிகளின் கையில் இருந்தது. ஆளும் கட்சி எது என்பது இதில் பொருட்டே இல்லை.

ஜூன் மாதம் கோலாலம்பூரில் ஆசியக் கூட்டமைப்பு பஞ்சாயத்து நடத்தியது. தீர்ப்பு: இரண்டு லீக்குகளும் பக்கம் பக்கமாக நடக்கட்டும். ஐ-லீக் சாம்பியனுக்கு ஆசியச் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று, ஐ.எஸ்.எல். சாம்பியனுக்கு ஏ.எஃப்.சி. கோப்பை. அய்ஸாலின் மானம் காப்பாற்றப்பட்டது. ஆனால் ஐ.எஸ்.எல்.லுக்கு ஆசிய அங்கீகாரம் கிடைத்ததும் இந்தச் சமரசத்தில்தான். யார் வென்றார்கள் என்பது இரண்டு ஆண்டுகளில் தெரிந்தது: 2019-20 பருவம் முதல் ஐ.எஸ்.எல். முதல் நிலை லீக் ஆனது.

கலைந்த அணி

அதற்குள் அய்ஸால் அணியே கலைந்துவிட்டிருந்தது. காலித் ஜமீலும் அல் அம்னாவும் கிழக்கு வங்காளத்துக்குச் சென்றார்கள். லால்ருவாத்தாரா கேரள பிளாஸ்டர்ஸுக்கு. ராணேயும் மேத்தாவும் கொல்கத்தாவின் ஐ.எஸ்.எல். அணிக்கு. இவர்களில் யாரையும் குறை சொல்ல முடியாது. கால்பந்து வீரனின் சம்பாத்தியக் காலம் பத்து ஆண்டுதான். 2018 ஜனவரியில் ஈரானின் ஸோப் அஹன் அணிக்கு எதிராகத் தகுதிச் சுற்றில் விளையாடி 1-3 என்று தோற்ற அய்ஸால், கோப்பை வென்ற அய்ஸால் அல்ல.

தமிழக வாசகர்கள் இதை வேறெங்கோ நடந்த கதையாக எண்ண வேண்டியதில்லை. 2018-19-இல் கோவையைத் தளமாகக் கொண்டு விளையாடிய சென்னை சிட்டி அணி, கிழக்கு வங்காளத்தை ஒரே ஒரு புள்ளியில், 43-42 என்று முந்தி ஐ-லீக்கை வென்றது. அய்ஸால் போலவே ஒற்றைப் புள்ளி. அய்ஸால் போலவே கடைசி நாள். மேலே ஏற வழியில்லை. 2020-21 பருவத்துக்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் விளையாடவில்லை. நேரு மைதானத்தில் கூடிய அந்தக் கூட்டம் எங்கே போயிற்று என்று கேட்க இப்போது ஆளில்லை. அய்ஸாலோ 2024-25 பருவத்திலும் ஐ-லீக்கில் விளையாடியது.

நீதிமன்றத்தின் வரி

படேலின் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடத்தப்படவில்லை என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை நீக்கி நிர்வாகக் குழுவை அமைத்தது. ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்து, பதினோரு நாள் கழித்து விலக்கிக் கொண்டது. செப்டம்பரில் நடந்த தேர்தலில் கல்யாண் சௌபே தலைவரானார்; எதிர்த்து நின்ற பாய்ச்சுங் பூட்டியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கு. சிக்கிமின் புதல்வர், இந்தியாவின் முன்னாள் கேப்டன், ஒரு வாக்கு. வடகிழக்கின் ஆட்டத்தை ரசிப்பவர்கள் பலர். வாக்களிப்பவர்கள் வேறு பேர்.

சம்மேளனத்தின் புதிய அமைப்பு விதிகளை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 19 அன்று திருத்தங்களுடன் ஏற்றது. நாட்டின் முதன்மை லீக் சம்மேளனத்துக்கே சொந்தமானதாக, அதனாலேயே நடத்தப்படுவதாக இருக்க வேண்டும்; மேலேற்றமும் கீழிறக்கமும் அதில் இருக்க வேண்டும் என்பது அந்த விதிகளில் இடம் பெற்றுள்ளது. எட்டு ஆண்டுகளுக்கு முன் அய்ஸால் கேட்டது ஏறக்குறைய இதைத்தான். இடையில் ஐ-லீக் சாம்பியனுக்கு மேலேறும் வழி 2023-இல் திறக்கப்பட்டு, பஞ்சாப் அணியும், மறு ஆண்டு முகமதன் அணியும் ஏறின. கீழிறக்கம் மட்டும் வரவில்லை. 2024-25 பருவத்தில் கடைசி இடத்தில் முடித்த முகமதன் அணியும் கீழே இறங்கவில்லை. பணம் போட்டவர்கள் இறங்கச் சம்மதிக்கும் வரை, ஏணியில் ஒரு பக்கப் போக்குவரத்துதான்.

ஒரு வேடிக்கை. 700 கோடி ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-இல் முடிவடைய இருந்ததால், அந்த ஆண்டு ஜூலையிலேயே ஐ.எஸ்.எல். புதிய பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. வணிக உரிமைக்காக விடப்பட்ட டெண்டருக்கு நவம்பரில் ஒரு நிறுவனம்கூட முன்வரவில்லை. 15 கோடி கட்ட முடியாதவர்களுக்கு இடமில்லை என்று சொன்ன லீக்குக்கு, நடத்த ஆள் இல்லாமல் போனது. வீரர்களின் ஊதியம் நின்ற அணிகளும் உண்டு என்பதால் இதைக் கண்டு மகிழ்வதற்கில்லை.

அந்தப் பருவத்தில் களத்தில் நின்றவர்கள் இப்போது எங்கெங்கோ இருக்கிறார்கள். ராய்ட்டே 2018-இல் மிஸோ தேசிய முன்னணி சார்பில் சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மாநில விளையாட்டுத் துறை அமைச்சரானார். ஜெஜே 2023 தேர்தலில் ஸோரம் மக்கள் இயக்கத்தின் வேட்பாளராகத் தெற்கு துய்ப்புய் தொகுதியில் நின்று, அப்போதைய சுகாதார அமைச்சரைத் தோற்கடித்தார். கால்பந்தைப் பற்றிப் பேச மிஸோரம் பேரவையில் இனி ஆள் பஞ்சமில்லை.

மும்பையில் வேலை இழந்து மலையேறிய காலித் ஜமீல், 2025 ஆகஸ்ட் முதல் தேதி இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். அந்தப் பொறுப்புக்கு ஓர் இந்தியர் வருவது 13 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. அடுத்த மாதம், செப்டம்பர் 13-ஆம் தேதி, பைரபி-சாய்ராங் ரயில் பாதையைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தார். அய்ஸாலின் வாசலுக்கு முதன்முறையாக ரயில் வந்தது. கொல்கத்தா அணிகளில் சேர விரும்பும் மிஸோ இளைஞன் ரயிலேற இனி அஸ்ஸாமுக்கு இறங்கி வர வேண்டியதில்லை. சாய்ராங்கிலேயே ஏறிக் கொள்ளலாம்.